கருவான இடம், தேதி

1

மனிதன் ஆளாவது பிறக்கும்போது அல்ல. அதற்கும் முன்னால், எவர் கண்ணும் காணாத ஒரு கணத்தில், பிரபஞ்சமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது அவன் ஆளாகிவிடுகிறான்; அந்தக் கணத்தின் முன்னால் அரசுகளும் சட்டங்களும் தலைகுனியக் கடமைப்பட்டவை.

மேலே உள்ளதை நான் எழுதவில்லை; அது ஒரு நகராட்சித் தீர்மானத்தின் முதல் பத்தி. முப்பது பிரதி எடுத்தேன், அவ்வளவுதான். ஏழாவது பிரதியில் மை தீர்ந்துபோய் 'பிரபஞ்சமே' என்ற சொல் விழவில்லை. அது யார் கைக்குப் போனதோ, அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் வலதுகை ஆள்காட்டி விரலிலிருந்து வந்தது. சிசிலியின் உள்மலையில், காஸ்தெல்முர்ரோ நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, பிழைக்க வந்த தமிழன் நான், இருபத்தாறு வருடமாக நகல் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எந்தத் தாள் எங்கே போனாலும் என் கண்ணாடி மேல் ஒருமுறை குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். படிப்பதில்லை. படித்தால் வேலை ஓடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*அன்று மழை பெய்துகொண்டிருந்தது. நகராட்சி மன்றத்தில்*

பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்து இப்படி:

*வக்கீல் அவுரேலியோ ஸ்காலிசி தன் தாயின் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் உதைத்*

இங்கே நின்றவன் இரண்டு நாள் நகரவில்லை. உதைத்தாரா, உதைத்தானா, உதைத்ததா?

(வக்கீல் இன்று அறுபது தாண்டியவர், கழுத்துப்பட்டை கட்டுபவர், நகராட்சி மன்றத்தில் பெரும்பான்மைக் குழுவின் தலைவர். 'உதைத்தது' என்று எழுதினால் வழக்குப் போடுவார். 'உதைத்தார்' என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். 'உதைத்தான்' என்று எழுதினால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள்.)

ரோமில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருக்கிறது. உரிமையியல் சட்டத்தின் முதல் பிரிவு, ஒருவர் சட்டத்தின் கண்ணில் ஆளாவது பிறந்ததிலிருந்து என்கிறது. 'பிறந்ததிலிருந்து' என்பதை எடுத்துவிட்டு 'கருவானதிலிருந்து' என்று போடவேண்டும் என்று அவ்வப்போது யாராவது மசோதா கொண்டுவருவார்கள். அது ஒரு குழுவுக்குப் போகும். குழு அதைப் படுக்கவைத்துப் போர்த்திவிடும்.

தமிழில் குழு கிடையாது, இலக்கணம் இருக்கிறது. அது இந்த விஷயத்தில் ஈவிரக்கமே இல்லாதது. குழந்தை அழுதது என்கிறோம். பிறந்து, பல் முளைத்து, நடந்து, பால் டம்ளரைக் கவிழ்த்த பிறகும் 'குழந்தை கவிழ்த்தது'தான். உயர்திணைப் பதவி எப்போது வருகிறது என்று எந்த அரசிதழிலும் இல்லை. அந்தப் பக்கம் செத்து அரைமணி ஆகியிருக்காது, 'பாடிய எப்ப எடுக்கறாங்க?' என்று மறுபடி அஃறிணையாக்கிவிடுகிறோம். நடுவில் கிடைக்கிற கொஞ்ச காலத்தில்தான் வக்கீலாகவேண்டும், கழுத்துப்பட்டை கட்டவேண்டும்.

உதைத்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். கதையில் யாரும் உதைக்கப்போவதில்லை.

3

மார்ச் மாதம் வக்கீல் அவுரேலியோ மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ரோமில் தூங்குகிற மசோதாவை எழுப்பும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொள்வது அதன் முதல் பாதி. ஊருக்கு ஊர் இப்படித் தீர்மானம் போடுவது எங்களுக்குப் பழக்கம்; நாங்கள் ஏற்கெனவே அணு ஆயுதத்தைத் தடை செய்திருக்கிறோம். இரண்டாம் பாதிதான் புதிது: முன்னுதாரணமாக, காஸ்தெல்முர்ரோ நகராட்சி தன் எல்லா ஆவணங்களிலும் இந்தத் திருத்தத்தை உடனே செய்துகொள்ளும்.

ஏழுக்கு மூன்று என்று நிறைவேறியது. மாகாணச் சட்டமன்றத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. வக்கீல் அதில் நிற்கப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

மறுநாள் பதிவு எழுத்தர் லிபோரியோ கடைக்கு வந்து ஒரு பென் டிரைவை மேஜையில் வைத்தார்.

"இதுல ஆபீஸ் படிவம் பூரா இருக்கு தம்பி. 'பிறந்த'ன்னு வர்ற எடத்துல எல்லாம் 'கருவான'ன்னு மாத்திடு."

"எல்லா எடத்துலயுமா?"

"தீர்மானத்துல 'எல்லா ஆவணங்களிலும்'னு தெளிவா இருக்கு. நானே படிச்சேன்."

"முழுசாவா படிச்சீங்க?"

"கடைசி வரிய."

கணினியில் 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றியாகிவிட்டது என்று அது பணிவோடு சொன்னது. லிபோரியோ காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

(தீர்மானத்தை எழுதியவர், நிறைவேற்றிய ஏழு பேர், படிவம் வைத்திருந்தவர், பொத்தானை அழுத்தியவன்: இதில் யார் மேல் தவறு என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதில் என் பெயர் வராதபடி மிகவும் நன்றாக அமைந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

பதினொரு நாள் யாரும் கவனிக்கவில்லை.

4

கவனித்தவர் இஞ்ஞாசியா தும்மினெல்லோ. ஆரம்பப் பள்ளி ஆசிரியை, எதிர்த்து வாக்களித்த மூவரில் ஒருவர். நாய்க்கு உரிமம் வாங்கப் போயிருக்கிறார். படிவம், நாய் கருவான இடம், தேதி என்று கேட்டிருக்கிறது.

நேராக என் கடைக்கு வந்தார். வக்கீல் அவுரேலியோ தன் தேர்தல் துண்டறிக்கையைப் பார்க்க அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"வக்கீலே! எங்க நாய் எங்க கருவாச்சுன்னு கேக்கறீங்க. அது அந்தக் கசாப்புக்கடை சந்துலதான், ஊரே பாத்துச்சு. தேதிதான் மறந்துபோச்சு."

வக்கீல் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நகல் எந்திரத்தின் மூடியைத் துடைத்தேன்.

"இது அச்சுப் பிழை."

"எது பிழை? தீர்மானம் முப்பத்தொண்ணு, ரெண்டாவது பத்தி. 'எல்லா ஆவணங்களிலும்.' நீங்கதான் மேஜையத் தட்டித் தட்டிப் படிச்சீங்க. தண்ணி டம்ளர்கூட விழுந்துச்சு."

"டீச்சர், இது தத்துவம் சார்ந்த விஷயம். இதப் போயி நாய்..."

"சுடுகாட்டுல எடம் கேக்கற படிவத்துலயும் இருக்கு. பஸ் பாஸ்ல இருக்கு. கிறிஸ்துமஸ் குடில் போட்டி அறிவிப்புல 'இயேசு கருவான காட்சி'ன்னு இருக்கு. பாதிரியார் பாத்துட்டு, அப்ப போட்டிய மார்ச் இருவத்தஞ்சுக்கு, தேவதூதர் மரியாளுக்குச் சேதி சொன்ன நாளுக்கு மாத்துங்க, ஒரு தேவதூதர வெச்சா போதும், மாடெல்லாம் வேண்டாம்னுட்டாரு."

"பழைய படிவம் இருக்குமில்ல?"

"இருக்கு. லிபோரியோ எங்க பசங்களுக்குப் படம் வரையக் குடுத்துட்டாரு. பின்பக்கம் பூரா டைனோசர்."

அப்போதுதான் அவர் அடுத்ததைச் சொன்னார். பத்திரிகைக்கு எழுதுகிற ஒருவர் அந்த நேரம் அங்கே சிகரெட் லைட்டர் கேட்டு வந்திருந்தார் என்பதையும் நான் சொல்லியாகவேண்டும்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள வேட்பாளருங்க சுய உறுதிமொழி குடுக்கணுமில்ல? அதே படிவந்தான். மன்றம் கூடாம திருத்த முடியாது, மன்றம் அடுத்த வாரந்தான். சட்டத்த எழுதினவரே மொதல்ல நெரப்புங்க. நாங்க பாத்துக் கத்துக்கறோம்."

படிவத்தின் கடைசி வரியை எங்கள் ஊரில் பிறந்த, மன்னிக்கவும், கருவான எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள்: இதில் தெரிந்தே பொய் எழுதுவது தண்டனைக்குரிய குற்றம்.

வக்கீல் போனபின் ஆசிரியை வெற்றிக்களிப்போடு என் பக்கம் திரும்பினார். அரை நிமிடத்தில் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தொன்னா வெனெரா காதுக்கு இது போயிருக்குமா?"

வக்கீலின் தாய் தொன்னா வெனெராவுக்கு எண்பத்துநான்கு வயது. என் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருக்கிறார்.

"ஜன்னல் தெறந்துதான் இருக்கு, டீச்சர்."

"நான் அந்தாளத்தான் சொன்னேன். அவங்கள நெனைக்கவே இல்ல," என்றார். நாய்ப் படிவத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

5

ஆசிரியை ஏன் குரலைத் தாழ்த்தினார் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆண்கள் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார்கள். ஆகஸ்டில் வருவார்கள், மூன்று வாரம் இருப்பார்கள், போவார்கள். ஊரின் பிள்ளைகள் மே மாதம் பிறந்தார்கள். பழைய பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தால் மே, மே, மே என்று ஆடு கத்துவது போல இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வந்துபோன சிலரின் பிள்ளைகள் செப்டம்பரில்.

அவுரேலியோ ஸ்காலிசி நவம்பரில் பிறந்தவர்.

அதோடு பெயர் வேறு. இங்கே முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். விவாதமே கிடையாது, பிறக்குமுன்பே பெயர் முடிவாகியிருக்கும், அதற்கு மசோதா எதுவும் தேவைப்பட்டதில்லை. தாத்தா பெயர் கார்மெலோ. பேரனுக்கு அவுரேலியோ என்று வைத்தார்கள். ஊரில் அந்தப் பெயரில் வேறு ஒருவராவது இருந்திருந்தால் ஊர் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். ஒருவரும் இல்லை. அறுபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

(இந்த இடத்தில் எனக்கு வக்கீல் மேல் சந்தேகம் வந்தது. அவர் பிறப்பின் மேல் அல்ல, பாத்திரத்தின் மேல். நவம்பரில் பிறந்த ஒருவர், விரல்விட்டு எண்ணுகிற ஊரில் வளர்ந்தவர், கருவான கணத்தைப் பற்றித் தீர்மானம் கொண்டுவருவாரா? நம்பும்படி இல்லையே என்று அவரை மே மாதத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கதை செத்துவிட்டது. பிறகு தோன்றியது: பிறந்த தேதியால் வாழ்நாளெல்லாம் குத்துப்பட்டவருக்கு, ஆள் ஆவது அதற்கு முன்பே நடந்துவிட்டது என்று யாராவது சட்டமாக எழுதிக்கொடுத்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தத்துவம் என்பார்.)

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் வக்கீல் மூன்றில் ஒன்றைச் செய்யவேண்டும். பொய் எழுதவேண்டும்; அது குற்றம். எழுதாமல் விடவேண்டும்; ஊர் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும். இல்லை, ஆண்கள் ஊரில் இல்லாத பிப்ரவரி என்று எழுதித் தாயை எண்பத்துநான்கு வயதில் சந்தியில் நிறுத்தவேண்டும்.

நாலாவதாக ஒன்று இருந்தது: தாயிடமே கேட்பது.

6

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து தரையை இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது. தொன்னா வெனெரா என்னைக் கூப்பிடும் முறை அது. போனேன். சமையலறையில் அவர் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரே வக்கீலும், கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, உரித்துக்கொண்டிருந்தார்.

"வா. இவன் அரைமணியா எதையோ கேக்க வர்றான், வாய் வரமாட்டேங்குது. கோர்ட்டுலயும் இப்படித்தான் போல. நீதான அச்சடிச்ச, நீயே படி."

படிவத்தை எடுத்துப் படித்தேன். 'கருவான இடம், தேதி' என்ற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

"யாரு கேக்கறது இத?"

"நகராட்சிம்மா," என்றார் வக்கீல்.

"நகராட்சில யாரு?"

வக்கீல் ஒரு பட்டாணித் தோலை நீளவாக்கில் கிழித்தார். "நான்தான்."

"அப்ப உன்ன நீயே கேட்டுக்க. என்ன எதுக்குக் கேக்கற?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஏன்? நீ எழுதின சட்டப்படி அப்பவே நீ முழு ஆளாச்சே. நானும் அங்க இருந்தேன், நீயும் இருந்த. நான் மூணாங்கிளாஸோட நிறுத்தினவ, நீ சட்டம் படிச்சவன். நீ சொல்லு, நான் சரியா தப்பான்னு சொல்றேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். சிரிக்கிற இடமா என்று தெரியவில்லை.

"ஊரு எண்ணுதும்மா."

"எண்ணட்டும். அறுவது வருஷமா எண்றாளுங்க. ஒவ்வொருத்திக்கும் பத்து விரல்தான இருக்கு, இன்னும் முடியலயா?"

பிறகு வக்கீல் தான் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார். அதைத்தான் அவர் முதலிலிருந்தே கேட்க நினைத்தார் என்று எனக்குப் பட்டது. ஐந்து வயதுப் பையன் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"எனக்கு ஏன் தாத்தா பேரு வெக்கல?"

"அது குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"உனக்கு முந்தி இருந்தவனுக்கு."

வக்கீல் கையை நிறுத்தினார்.

"அஞ்சு மாசம் இருந்தான். ஆகஸ்டுல உங்கப்பா வந்துட்டுப் போனாரில்ல, அது. நிக்கல. மருத்துவச்சி ஒரு துணில சுத்திக் குடுத்தா. கார்மெலோன்னு சொன்னேன். சொல்லிட்டேன், முடிஞ்சுபோச்சு. அப்பறம், பொறக்காததுக்கு எதுக்குப் பேரு, அடுத்ததுக்கு அதையே வையின்னாங்க உங்க பாட்டி வீட்ல. குடுத்தத எப்படித் திருப்பி வாங்கறது? மருந்துக்கட காலண்டர்ல புனிதர் பேரா அவுரேலியோன்னு இருந்துச்சு. உனக்கு அதக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே. நீ நாடாளுமன்றத்தயில்ல கேட்ட."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கடுதாசில எழுதற விஷயமாடா அது? தந்தி குடுத்தேன், ஒடம்பு சரியில்லன்னு. வந்தப்ப சொன்னேன்."

"எப்ப வந்தார்?"

"பட்டாணியக் கீழ சிந்தாத."

ஆகஸ்டிலிருந்து ஐந்து மாதம் ஜனவரி. அதற்கு அடுத்தது பிப்ரவரி. மடியில் வைத்திருந்த கையில் என் கட்டைவிரல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. தொன்னா வெனெரா அதைப் பார்த்துவிட்டார்.

"ஒனக்குமா எண்ணணும்?" என்றார்.

கையை எடுத்துவிட்டேன்.

வக்கீல் எழுந்து நின்றார். மேஜைமுனையில் மன்றத்தில் நிற்பது போலவே நின்றார், ஆனால் தட்டவில்லை. "அம்மா, நான் கொண்டுவந்த தீர்மானம் அவனுக்காகவுந்தான். அந்த மாதிரி இருந்தவங்க எல்லாருக்காகவும்..."

"உக்காரு. அவன் எனக்கு ஆளு. நகராட்சிக்கு இல்ல. லிபோரியோ வந்து அவனுக்கு முத்திரை குத்தவேணாம்."

(ஓரக்குறிப்பு. அவர்கள் மொழியில் வினைமுற்றில் இந்தத் திணை வேறுபாடு கிடையாது. 'முந்தி இருந்தவனுக்கு', 'அஞ்சு மாசம் இருந்தான்' என்பதெல்லாம் நான் தமிழில் போட்டவை. முதலில் இலக்கணப்படி 'இருந்தது' என்றுதான் எழுதினேன். அவர் குரலில் அது நிற்கவில்லை. இதனால் சட்டத்துக்கு ஆதரவாக ஒரு விகுதி போட்டுவிட்டேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால், அதே கிழவி அதே மூச்சில் சட்டத்தை வெளியே போகச் சொன்னதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இரண்டையும் ஒரே விகுதியில் வைக்க எனக்குத் தெரியவில்லை.)

7

பதினொன்றரைக்கு வக்கீல் கீழே கடைக்கு வந்தார்.

"அந்தப் படிவம் ரெண்டு குடு."

"ஒண்ணுதானே வேணும்?"

"ரெண்டு."

கொடுத்தேன். நின்றபடியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிப் பலகை மேல் வைத்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அலுவலக வாசலில் இஞ்ஞாசியா டீச்சர் நின்றிருந்தார். பத்திரிகைக்காரர் இருந்தார். டீச்சர் ஏதோ சொல்ல வந்து, வழிவிட்டு ஒதுங்கினார்.

இதற்கு மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில், வக்கீல் 'பிப்ரவரி, காஸ்தெல்முர்ரோ' என்று எழுதுகிறார். பத்திரிகைக்காரர் உரக்கப் படிக்கிறார். மேலே ஜன்னலில் தொன்னா வெனெரா பட்டாணித் தோலை உதறுகிறார். மிகவும் கம்பீரமான முடிவு. அதனால் நம்பவில்லை.

இரண்டாவதில், அவர் வேட்புமனுவையே கிழித்துப்போட்டு, மன்றத்தில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, மனம் மாறியவராக

இல்லை. அடுத்த வாரம் மன்றம் கூடியது, 'தொழில்நுட்பக் காரணங்களால்' படிவங்கள் மட்டும் பழையபடி ஆயின. தீர்மானத்தின் முதல் பாதி அப்படியே இருக்கிறது. ரோமுக்கு அனுப்பப்பட்டது. பதில் இல்லை.

மூன்றாவதில், லிபோரியோ இரண்டு தாளையும் வாங்கி, இரண்டாவதைப் பார்த்து, "கார்மெலோவா? இது யாரு? பொறந்த சான்று எங்க?" என்கிறார். வக்கீல் வாயைத் திறக்கிறார்.

அவர் என்ன சொல்கிறார் என்று எழுத வரவில்லை.

நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவே: லிபோரியோ ஒரே ஒரு தாளைத்தான் வாங்கினார், வழக்கம்போலப் படிக்காமல் முத்திரை குத்தி, கோப்பில் போட்டுக் கட்டினார். பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, அந்தரங்கத் தகவல் என்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். லிபோரியோ அவ்வளவு உயரமாக நின்று நான் பார்த்ததில்லை. முதல் தாளில் என்ன இருந்தது, இரண்டாவது தாள் எழுதப்பட்டதா, கிழிக்கப்பட்டதா, இன்னும் சட்டைப்பையில் இருக்கிறதா: இதை வாசகரிடம் விடுகிறேன். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். தெரிந்திருந்தால் முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பேன்.

நீங்கள் நிரப்புவதானால் கறுப்பு அல்லது நீல மையில் நிரப்புங்கள். கடைசி வரியையும் படித்துவிடுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பதினொரு நாட்களில் கடை உரிமத்தைப் புதுப்பிக்க நானும் அதே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் அச்சடித்தது, படிக்கவில்லை. நகராட்சிக் கோப்பில் உள்ளபடி நான் கருவான இடம், அரசு ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு.